கோரிமேட்டு பஸ்ஸா, போனில் வரும் சிஸ்டரா?

சுகரும் பிரஷரும் ஒருமுறை வந்துவிட்டால் ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும். டாக்டரிடம் போய்வருவதும் அப்படித்தான், முடிவில்லாத வேலை. அந்த வேலையை இனி எப்படி நடத்துவது என்ற கேள்வி எங்கள் குடும்பத்துக்கு வந்தது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் அத்தைக்கு பல வருடமாக சுகர், கூடவே பிரஷர். மாமாவுக்கு இதயம் ரத்தத்தை பம்ப் செய்யும் சக்தி குறைந்துவிட்டது. ஊரில் சொல்வதுபோல் 'ஹார்ட் வீக்'. மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்து சமீபத்தில்தான் வீடு திரும்பினார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு திட்டம் சொன்னார்கள்: வருடக் கட்டணம் கட்டினால், பயிற்சி பெற்ற சிஸ்டர் ஒருவர் போனில் கூப்பிட்டு மாமாவின் உடம்பைக் கவனித்துக்கொள்வார், தேவைப்பட்டால் டாக்டரோடு இணைப்பார். அத்தையையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். மூத்த மகன் உடனே கட்டிவிடலாம் என்றான். சின்னவன், மாதாமாதம் புதுச்சேரியில் இருக்கும் மத்திய அரசு ஆஸ்பத்திரியான ஜிப்மருக்கே கூட்டிப் போகலாம் என்றான். இரண்டு பேரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இதே நிலைமைதான் என்பதால் பார்த்ததை எழுதுகிறேன்.

பல வீடுகளில் என்று சும்மா சொல்லவில்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நாடளாவிய ஆய்வில், புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். கோவாவுக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம் இங்கேதான். தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த கணக்கெடுப்பு இன்னும் கவலை தருவது. சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. மருந்து இருந்தும், டாக்டர் இருந்தும் கட்டுப்படவில்லை என்றால், ஒருமுறை டாக்டரைப் பார்ப்பதற்கும் அடுத்தமுறை பார்ப்பதற்கும் நடுவில் இருக்கும் நாட்களில் ஏதோ கைவிட்டுப் போகிறது. போன் வழி கவனிப்பு அந்த இடத்தைத்தான் பிடிக்கப் பார்க்கிறது.

முதலில் நேரில் போவதை எடுத்துக்கொள்வோம். கடலூரிலிருந்து ஜிப்மர் அப்படியொன்றும் தொலைவில்லை. ஆனால் விடியலுக்கு முன் எழுந்து, பஸ் பிடித்து, முருங்கப்பாக்கம் மரப்பாலம் நெரிசலைத் தாண்டி, புதுச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கி, ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ் ஏறி, ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி வீடு திரும்பும்போது ஒரு முழு நாள் போயிருக்கும். கூடப் போகிறவருக்கு ஒரு நாள் கூலியோ ஒரு நாள் லீவோ போய்விடும். சுகர் உள்ளவர் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு எத்தனை மணிக்குச் சாப்பிடுவார் என்பது தனிக் கவலை. மாமாவுக்கு, உடம்பில் கட்டும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் உட்காருவதே பெரிய சங்கடம். அதனால் பயண நாட்களில் மாத்திரையைத் தவிர்த்துவிடுவார்.

இத்தனை இருந்தும் நேரில் போவதற்கு ஈடு கிடையாது என்று சொல்லவேண்டிய இடங்கள் சில உண்டு. கண்ணின் விழித்திரையைப் போனில் பார்க்க முடியாது. சிறுநீரில் புரதம் போகிறதா என்பதற்கு லேப் வேண்டும். மூன்று மாத சராசரி சுகர் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனைக்கும் ரத்தம் கொடுத்தாக வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் போட்டு தோலுக்கு அடியில் கட்டி கட்டியாக ஆகியிருந்தால், அதைக் கை வைத்துப் பார்ப்பவர்தான் கண்டுபிடிப்பார். அந்த இடத்தில் போட்ட ஊசி சரியாக உடம்பில் இறங்காது. போனில் பேசுகிறவர் சுகர் ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் அளவைக் கூட்டச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

பாதத்தையும் நேரில்தான் பார்க்க வேண்டும் என்பதற்கு அத்தையே உதாரணம். ஆஸ்பத்திரித் திட்டத்தின் மாதிரிக்காக ஒருமுறை சிஸ்டர் போன் செய்தார். அத்தை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். "சாப்பாடு அளவாதானேம்மா எடுத்துக்கறீங்க? மாத்திரை விடாம போடறீங்களா? காலெல்லாம் நல்லா இருக்கா?" எல்லாவற்றுக்கும் அத்தையின் பதில், "நல்லா இருக்கும்மா, ஒரு குறையும் இல்ல." அத்தை பொய் சொல்லவில்லை. அவருக்கு வலியே இல்லை. அதே வாரத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவந்த பெண் தன்னார்வலர், திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது தற்செயலாக அத்தையின் காலைப் பார்த்தார். செருப்பு வார் உரசி, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. சுகரால் நரம்பு மரத்துப்போனவர்களுக்குப் புண் இருப்பதே தெரியாது. அன்றைக்கே அரசு தலைமை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்க் கட்டுப் போட்டோம், ஆறிவிட்டது. நோயாளிக்கே தெரியாத ஒன்றைப் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. சுகர் உள்ளவருக்குப் போன் திட்டம் எதை எடுத்தாலும், வீட்டில் ஒருவர் தினமும் அவர் பாதத்தை விரல் இடுக்கு வரை பார்ப்பது என்ற ஏற்பாடு கூடவே இருக்கவேண்டும்.

அந்தத் தன்னார்வலர் வந்த திட்டம்தான் இரண்டாவது வழி. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த் தணிப்புச் சேவை, பிசியோதெரபி என்று போகிறது. காசு கிடையாது. மருந்து தீர்ந்து போவதால் சிகிச்சை அறுந்துவிடும் வீடுகளுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் மருந்தின் அளவை மாற்றுவது தன்னார்வலரின் வேலை இல்லை. சுகர் 300 என்று நோட்டில் எழுதிய பிறகும் அதே மாத்திரை வரும். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைப் பார்த்தால்தான் மாறும். இன்னொன்று, இது தமிழக அரசின் திட்டம். கடலூரைத் தாண்டி முள்ளோடை, கன்னியக்கோயில் என்று போனால் அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஒரே தெருவில் இருக்கும் சொந்தக்காரர்கள்கூட எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கமாக இருப்பார்கள் என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். முகவரி எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து இந்த வழி திறக்கும் அல்லது மூடும்.

மூன்றாவது, இ-சஞ்சீவனி. மத்திய அரசின் இலவசச் சேவை. நோயாளி வீட்டிலிருந்தே டாக்டரோடு பேசும் பகுதி 2020 ஏப்ரலில் வந்தது. சுகாதார நிலையத்தில் நர்ஸ் முன்னிலையில் உட்கார்ந்து வேறு ஊர் டாக்டரோடு பேசுவது அதற்கும் முன்பே இருந்தது. திடீரென்று ஒரு சந்தேகம், மாத்திரை மாற்றிப் போட்டுவிட்டோமா என்ற பயம், காய்ச்சலோடு சுகர் மாத்திரை தொடரலாமா என்ற கேள்வி, இவற்றுக்கு நல்லது. நீண்டகால நோய்க்கு இதை மட்டுமே நம்புவது சிரமம். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் வரலாம், அவரிடம் மாமாவின் பத்து வருடக் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும்.

நான்காவதுதான் மகன்களுக்குள் வாக்குவாதமான காசு கட்டும் போன் திட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் இதைப் பற்றி உலகம் முழுக்க நிறையச் சோதித்திருக்கிறார்கள், முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன.

அர்ஜென்டினாவில் இதயப் பலவீனம் உள்ள 1,518 பேரிடம் ஒரு சோதனை நடந்தது, 2005இல் முடிவு வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு பயிற்சி பெற்ற நர்ஸ்கள் ஒரே மையத்திலிருந்து போன் செய்தார்கள். உப்பு எவ்வளவு, மாத்திரை போட்டாரா, மூச்சு வாங்குகிறதா, எடை எவ்வளவு, கால் வீங்கியிருக்கிறதா, எவ்வளவு நடக்கிறார் என்று கேட்டார்கள். நீர் மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைக்கவும், டாக்டரை உடனே போய்ப் பார்க்கச் சொல்லவும் அந்த நர்ஸ்களுக்கு அனுமதி இருந்தது. இறப்போ, இதயப் பலவீனத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதோ, போன் வந்த குழுவில் 26.3 சதவீதம் பேருக்கு நேர்ந்தது. போன் வராத குழுவில் 31 சதவீதம். வித்தியாசம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்ததால் வந்தது.

இனி அமெரிக்கா. 2010இல் வெளியான சோதனை, 1,653 பேர், எல்லோரும் அதே இதயப் பலவீனத்தால் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர்கள். இவர்கள் தினமும் ஒரு இலவச எண்ணுக்குக் கூப்பிடவேண்டும். பதிவு செய்த குரல் கேள்வி கேட்கும், பொத்தானை அமுக்கிப் பதில் சொல்லவேண்டும். பதில்களை ஆஸ்பத்திரிக்காரர்கள் பிறகு பார்ப்பார்கள். ஆறு மாதம் கழித்து எந்தப் பலனும் தெரியவில்லை. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் இந்தக் குழுவில் 49.3 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 47.4 சதவீதம். 14 சதவீதம் பேர் அந்த எண்ணை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. கடைசி வாரத்தில் வாரத்துக்கு மூன்று முறையாவது கூப்பிட்டவர்கள் 55 சதவீதம்தான்.

நோய் ஒன்று, கருவியும் அதே போன்தான். ஒரு பக்கம் எதிர்முனையில் மனிதர், அவரால் அந்த நிமிடமே ஏதாவது செய்ய முடியும். இன்னொரு பக்கம் இயந்திரம், அதன் பதிவு எப்போதோ ஒருவர் கண்ணில் படும். நாடும் காலமும் வேறு என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து நேரடியாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் எனக்கு இது பெரிய வெளிச்சமாக இருந்தது. போன் திட்டத்தை எடைபோடும்போது எத்தனை தடவை கூப்பிடுவார்கள் என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். போனை வைக்கும் முன் எதை மாற்றும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது என்பதை முதலில் கேட்கவேண்டும்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் வேறொரு பாடம் கிடைத்தது. நர்ஸ்கள் மாதந்தோறும் போன் செய்து நோயாளிகளுக்கு வழிகாட்டும் திட்டம் அங்கே பெரிய அளவில் நடந்தது. அதில் சேர்ந்த 2,698 பேரை, அவர்களைப் போலவே வயதும் நோயும் உள்ள, திட்டத்தில் சேராத அதே எண்ணிக்கையிலான ஆட்களோடு ஒப்பிட்டு 2013இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்வது குறையவே இல்லை. அவசரமாகச் சேர்வது, சேராதவர்களைவிடக் கொஞ்சம் வேகமாகவே கூடியிருந்தது. நல்ல எண்ணத்தோடு, பயிற்சி பெற்ற நர்ஸ்களை வைத்து நடத்தியதிலும் இதுதான் முடிவு.

இந்த ஆய்வு செய்த முறை நமக்கும் பயன்படும். 'எங்கள் திட்டத்தில் சேர்ந்தவர்கள் அடுத்த வருடம் ஆஸ்பத்திரிக்கு வருவது பாதியாகக் குறைந்தது' என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடக் கூடாது. மனிதர் இந்த மாதிரித் திட்டத்தில் எப்போது சேர்வார்? உடம்பு படுமோசமாக இருக்கும்போது, ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பயத்தில் சேர்வார். மோசமான காலத்துக்குப் பிறகு உடம்பு கொஞ்சம் தேறுவது தானாகவே பலருக்கு நடக்கும். அந்தத் தேறுதலைத் திட்டத்தின் கணக்கில் எழுதிவிட்டால் எந்தத் திட்டமும் வெற்றிதான். சேராத, அதே நிலைமையில் இருந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால்தான் உண்மை தெரியும். மாமா விஷயத்தில் இதை நான் மனதில் அழுத்தமாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் அவரும் இப்போதுதான் டிஸ்சார்ஜ் ஆகியிருக்கிறார்.

போனுக்குச் சாதகமாக நம் ஊர் ஆதாரமும் ஒன்று உண்டு. சென்னை சர்க்கரை நோய் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சுகர் வரும் விளிம்பில் இருந்த 537 ஆண்களில் பாதிப் பேருக்கு இரண்டு வருடம் செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். செய்தி போனவர்களில் 18 சதவீதம் பேருக்கும், போகாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சுகர் வந்தது. ஆனால் அவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், நோய் இன்னும் வராதவர்கள். என் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வரும் 'இனிப்பைக் குறையுங்கள்' செய்திக்கு அதே பலன் வரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் பேரம் பேச உதவும். 2020 மார்ச் 25 அன்று வந்த தொலை மருத்துவ வழிகாட்டுதலின்படி, பதிவு பெற்ற டாக்டர் நாட்டில் எங்கிருக்கும் நோயாளிக்கும் போன் வழியே ஆலோசனை தரலாம். கடலூர், புதுச்சேரி என்ற எல்லைச் சிக்கல் இங்கே இல்லை. அதே டாக்டரை அதே நோய்க்காக ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்திருந்தால் அது தொடர் ஆலோசனை. அப்போது அவர் பழைய மருந்தைத் தொடரலாம், அதே நோய்க்குப் புதிய மருந்தும் சேர்க்கலாம். போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளைப் போனில் எழுதக் கூடாது. செயற்கை நுண்ணறிவு இயந்திரம் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் பார்க்காத டாக்டரின் போன் திட்டத்துக்குக் காசு கட்டுவதில் அர்த்தம் குறைவு. மருந்தைத் தாராளமாக மாற்றும் உரிமை அவருக்கே சுருங்கிவிடும்.

பேசும் சூழல் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நம் வீடுகளில் பெரியவர்களின் போனை எடுப்பது பேரனோ மருமகளோதான். ஸ்பீக்கரில் போட்டு, கூடம் முழுக்கக் கேட்க, "யூரின் போறப்ப எரிச்சல் இருக்கா?" என்று சிஸ்டர் கேட்டால் அத்தை என்ன சொல்வார்? "இல்லம்மா" என்றுதான். சுகர் உள்ள பெண்களுக்கு சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும், அதைச் சொல்லத் தனிமை வேண்டும். காது மந்தமானவர்களுக்கும் போன் ஒத்துவராது. புரியாத கேள்விக்கெல்லாம் 'சரிங்க, சரிங்க' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். எதிர்முனையில் இருப்பவர் நிதானமாக, நம் வீட்டுத் தமிழில் பேசுகிறாரா என்று ஒரு அழைப்பாவது கூட உட்கார்ந்து கேட்டுப் பார்க்கவேண்டும்.

இதற்கு நேர் எதிரான பக்கமும் இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணைக் கரைப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. அந்த நாட்களில் புதுச்சேரி போவது பற்றி யாரும் நினைக்கவே முடியவில்லை. இன்சுலின் தீரப் போகிறது, கரண்ட் இல்லாமல் ஃபிரிட்ஜ் வேலை செய்யவில்லை, இருக்கிற ஊசி கெட்டுவிடுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, பெயர் தெரிந்த ஒரு மனிதர் போனில் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது தண்ணீருக்கு நடுவில் இருந்தவர்களுக்குத் தெரியும். வருடா வருடம் ஐப்பசி, கார்த்திகையில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாவட்டம் இது. போன் வழியை இங்கே முழுசாக ஒதுக்கிவிட முடியாது.

எல்லாவற்றையும் பார்த்த பிறகு, அத்தைக்கும் மாமாவுக்கும் ஒரே முடிவு பொருந்தாது என்று தெரிந்துவிட்டது. அத்தையின் ஆபத்துகள் மெதுவாக, சத்தமில்லாமல் வருபவை. கண், சிறுநீரகம், பாதம் மூன்றுக்கும் நேரில் பார்க்கும் ஆள் வேண்டும். அதனால் அவருக்குப் போன் திட்டம் வேண்டாம். மாத்திரை வீட்டுக்கு வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனையைக் கடலூரிலேயே எடுத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டுவது, கண், பாதம், சிறுநீர்ப் பரிசோதனைக்கு வருடம் ஒருமுறை ஜிப்மர். நடுவில் வரும் சின்னச் சந்தேகங்களுக்கு இ-சஞ்சீவனி.

மாமா கதை வேறு. அவருக்கு ஆபத்து நாட்கணக்கில் வரும், எண்ணிலும் தெரியும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, உடம்பில் கட்டிய நீர். தினமும் காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, டீ குடிக்கும் முன், அதே எடை மெஷினில் ஏறி நின்று நோட்டில் எழுதினால் அந்த எண்ணைப் போனில் அப்படியே சொல்லிவிடலாம். பிரஷரும் அப்படித்தான். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, கையை மார்பு உயரத்தில் வைத்து எடுத்தால் வீட்டு மெஷின் கணக்கை நம்பலாம். இவருக்குப் போன் திட்டம் சரியாக வரும் என்று நினைக்கிறேன், சில நிபந்தனைகளோடு. ஆஸ்பத்திரியில் அவற்றைக் கேட்டோம். கூப்பிடுகிறவர் ஒரே சிஸ்டராக இருக்கவேண்டும். மாமாவின் டிஸ்சார்ஜ் சம்மரியும் மாத்திரைப் பட்டியலும் அவர் கண்முன் இருக்கவேண்டும். எடை ஏறினால் அன்றைக்கே டாக்டரிடம் கேட்டு நீர் மாத்திரையின் அளவை மாற்றிச் சொல்லவேண்டும், மாற்றியதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் அனுப்பவேண்டும். நாங்கள் கூப்பிட்டாலும் எடுக்கவேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் இந்த எண்ணுக்குக் காத்திருக்காமல் நேராக 108தான் என்பதை அவர்களே மாமாவிடம் சொல்லவேண்டும். முதலில் தயங்கினாலும், தினசரி எடையை நாங்கள் அனுப்புவோம் என்றதும் ஒத்துக்கொண்டார்கள். வருடக் கட்டணத்துக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு மட்டும் கட்டியிருக்கிறோம்.

எடை நோட்டிலேயே ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறேன்: என்ன தேதி, யார் பேசினார், என்ன மாறியது. மாமா எப்படியும் இந்த ஆறு மாதத்தில் கொஞ்சம் தேறுவார், அதை வைத்துத் திட்டத்தை மதிப்பிடப் போவதில்லை. எடை ஏறிய நாட்களில் போன் வந்ததா, வந்தபோது மாத்திரை மாறியதா, மாறிய பின் எடை இறங்கியதா என்று மட்டும் பார்ப்போம். ஏறிய நாளிலும் 'உப்பைக் குறைங்க ஐயா' என்பதோடு போனை வைத்திருந்தால், அடுத்த ஆறு மாதத்துக்குக் கட்டுவதில்லை. அந்தப் பணத்தில் மாதம் ஒருமுறை கார் வைத்து மாமாவை நேரில் கூட்டிப் போகலாம் என்று மூத்தவனும் சம்மதித்துவிட்டான்.